சிறுவாச்சூரில் அணைத்த கற்பூரம்

அன்பு மகள் இலக்கியாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அந்தக் குளிர் நாட்டில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா. இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்று எழுதினால் வழக்கமாக நானும் இரண்டு மாடும்தான் கணக்கு, இந்த முறை ஒரு ஆள் கூடியிருக்கிறது. யார் என்று உனக்கு இப்போதே புரிந்திருக்கும். முகத்தைச் சுளித்துக்கொண்டு காகிதத்தை மடித்து வைத்துவிடாதே, கடைசி வரை படி. போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் ஒரு வரி சொல்வதற்குள் நீ நாலு கேள்வி கேட்பாய், குட்டி நடுவில் மூஞ்சியைக் காட்டும், எனக்கும் அழுகை வந்துவிடும், சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும். அதனால்தான் மல்லிப்பொடி, வெங்காய வடகம் எல்லாம் கட்டுகிற பார்சலில் இதையும் வைத்து அனுப்புகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள், பேனா பிடித்து எத்தனை வருஷம் ஆகிறது.

முதலில் ஊர்ச் சேதி. இந்த வருஷம் மழை பரவாயில்லை, மக்காச்சோளம் ஆள் உயரம் வந்துவிட்டது, புழுதான் கொஞ்சம் விழுந்திருக்கிறது. வெங்காயம் ஊன்றப் போன வாரம்தான் ஆள் கிடைத்தார்கள், போன தடவை திருகல் நோய் வந்து பாதி போனது உனக்குத் தெரியும், இந்த முறை விதை வெங்காயத்தை நானே உட்கார்ந்து பொறுக்கி எடுத்தேன். செவலை மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. என் முட்டி வலிக்கு நீ அனுப்பிய களிம்பு தீரப் போகிறது, நல்ல களிம்பு, ஆனால் அதன் வாசனைக்குக் கன்றுக்குட்டிகூட என் பக்கம் வர மாட்டேன் என்கிறது. விக்கிரமங்கலத்தில் உன் சித்தப்பா மகள் ஆர்த்திக்கு ஆவணியில் நிச்சயம் ஆனது, போட்டோ பார்த்திருப்பாய். அந்தப் போட்டோவில் இல்லாத ஒன்றைத்தான் எழுதப் போகிறேன்.

அதற்கு முன்னால் உன் நிச்சயத்தன்று நடந்ததை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரியாததில்லை. ஆனால் அன்றைக்கு நீ அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாய், நான் எங்கே போனேன், என்ன செய்தேன் என்று முழுதாக நீ கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் முப்பது பேர் வந்து உட்கார்ந்திருக்க, தாம்பூலத் தட்டு மாற்றுகிற நேரத்தில் உங்கள் அப்பா குடித்துவிட்டு வந்து நின்று, உன் பிறப்பையே சந்தேகப்பட்டு, பெண் யாருக்குப் பிறந்தது என்று அவள் அம்மாவைக் கேளுங்கள் என்றார். இருபத்து மூன்று வருஷம் வீட்டுக்குள் என்னைக் குத்திய சந்தேகம், அன்றைக்கு முப்பது பேர் முன்னால் வெளியே வந்து உன்னையும் குத்தியது. அவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். நான் அழவில்லை. கட்டியிருந்த பட்டுப்புடவையோடு நேராக மெயின் ரோட்டுக்கு நடந்தேன், வந்த முதல் பஸ்ஸில் ஏறினேன், சிறுவாச்சூரில் இறங்கினேன். பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பெட்டிக்கடையில் கற்பூரம் வாங்கினேன். மதுரகாளி கோயில் வெளிக்கதவு சாத்தியிருந்தது, மத்தியானத்துக்கு நடை சாத்திவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கதவுக்கு முன்னாலேயே கற்பூரத்தை ஏற்றி, இனி அந்த ஆளுக்கு என் கையால் ஒரு வாய்ச் சோறு இல்லை, முகம் பார்த்து ஒரு சொல் இல்லை என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். கை கொப்பளித்தது, வலிக்கவில்லை. கற்பூரம் அணைத்துச் செய்த சத்தியத்தை மீறினால் குடும்பம் விளங்காது என்று நம் பக்கம் எவ்வளவு பயப்படுவார்கள் என்று உனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து ஒன்பது வருஷம். அவர் கிணற்றடி மோட்டார் கொட்டகையில், நான் வீட்டில். உன் மாமா இளவரசன் திருமழபாடியிலிருந்து வந்து விவாகரத்து வாங்கிக்கொண்டு பிறந்த வீட்டோடு வந்துவிடு என்று எவ்வளவோ சொன்னான். நான் போகவில்லை. என் உழைப்பு இந்த மண்ணில் கிடக்கிறது, நான் ஏன் போக வேண்டும், வேண்டுமானால் அந்த ஆள் போகட்டும் என்றேன். அவரும் போகவில்லை. காடு ஒன்று, வேலை ஒன்று, பேச்சு மட்டும் கிடையாது. மழை வருகிறது, வெங்காயம் சேர்த்து வைத்த பட்டறைக்குக் கீற்று போட வேண்டும் என்றால், களை வெட்டுகிற பெண்களைப் பார்த்து, மழ வருதுடி, பட்டற நனையப் போவுதுடி என்று சத்தமாகச் சொல்வேன், அவர் காதில் விழுந்து அவர் ஏறிக் கீற்றைப் போடுவார். மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் மாட்டிடம் சொல்வேன். அந்தப் பெண்களுக்கெல்லாம் நாங்கள் இருவரும் ஒரு வேடிக்கை. பிறகு திருமுருகனோடு உன் கல்யாணம் நடந்தபோது அவரை அழைக்கவில்லை, அது சரிதான், இன்றைக்குக் கேட்டாலும் அது சரிதான் என்றுதான் சொல்வேன்.

மூன்று வருஷமாக அவர் குடிப்பதில்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நிறுத்தியிருக்கிறார். நான் நம்பவில்லை. தீபாவளி பார்த்தேன், பொங்கல் பார்த்தேன், பங்காளி வீட்டுச் சாவுக்குப் போய் வந்த நாளில்கூட ஒளிந்து நின்று பார்த்தேன், நேராகத்தான் நடந்து வந்தார். சரி, குடியை விட்டால் ஆயிற்றா, அன்று சொன்ன சொல் எங்கே போகும் என்று இருந்துவிட்டேன். இப்படி இருக்கும்போதுதான் ஆர்த்தி நிச்சயம் வந்தது. சித்தப்பா இரண்டு பேரையும் தனித்தனியாக வந்து அழைத்தார். ஒரே பஸ்ஸில்தான் போனோம், நான் முன்னால் பெண்கள் சீட்டில், அவர் கடைசி சீட்டில், அரியலூரில் இறங்கி மாறும்போதும் அப்படியே. சிமெண்டு லாரிகள் கிளப்பிய புழுதியில் என் புடவை நிறமே மாறிவிட்டது, இவர் எங்கே வந்து என்ன செய்வாரோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். நடந்தது வேறு.

தட்டு வைத்து, இரண்டு பக்கமும் பெரியவர்கள் உட்கார்ந்து, இனி மாற்றலாம் என்கிறபோது உங்கள் அப்பா எழுந்து நின்றார். எனக்கு உயிரே போய்விட்டது. சித்தப்பா ஓடி வந்து கையைப் பிடித்து, உக்காருண்ணே, ஒன்னும் பேசாதண்ணே என்று கெஞ்சுகிறார். அவர் கையை மெதுவாக எடுத்துவிட்டு, தப்பா எடுத்துக்காதிய, ரெண்டு நிமிசம் என்றார். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் உன் நிச்சயத்துக்கும் வந்தவர்கள். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை: “ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி எம்பொண்ணு நிச்சயத்துல நான் ஒரு சொல்லு சொன்னேன். அது பொய்யி. குடிச்சிட்டு சொன்னேன்னு தப்பிச்சிக்க வரல. குடிக்காத நாள்லயும் அந்த நெனப்பு எங்கிட்ட இருந்துச்சு. அது என் மனசுல இருந்த அழுக்கு, அவகிட்ட ஒரு குத்தமும் இல்ல. சபையில சொன்னத சபையிலதான் திருப்பி எடுக்கணும்னு இவ்வளவு நாளா காத்துக்கிட்டு இருந்தேன். எம்பொண்ணு எம்பொண்ணுதான்.” சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் கடுப்போடு, நல்ல காரியத்துல இது எதுக்குய்யா என்றார், நியாயம்தான். ஆர்த்திதான் உள்ளேயிருந்து வந்து, பெரியப்பா சொல்ல வேண்டியதத்தான் சொல்லியிருக்காரு, தட்ட மாத்துங்க என்றாள். கெட்டிக்காரப் பெண், வாழ்க்கையில் நன்றாக வருவாள். எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று கேட்டால் முதலில் ஆத்திரம்தான் வந்தது. இதைச் சொல்ல ஒன்பது வருஷமா, என் தலை நரைத்த பிறகா என்று. அப்புறம் பந்தியில் உட்கார்ந்து பாயசத்தைக் கையில் எடுத்தபோது, அத்தனை பேர் நடுவில் என் நெஞ்சில் இருந்த கல் ஒன்று இறங்கியது எனக்கே தெரிந்தது. இத்தனை வருஷமாக ஒரு விசேஷ வீட்டில் நான் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதில்லை இலக்கியா. யார் என்னைப் பார்த்துச் சிரித்தாலும் அதை நினைத்துத்தான் சிரிக்கிறார்களோ என்றிருக்கும். அன்றைக்கு இரண்டாவது முறை சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பந்தி முடிந்ததும் உறவுக்காரப் பெண்கள் எல்லாம் சூழ்ந்துகொண்டு, அவர்தான் சபையில் ஒத்துக்கொண்டாரே, நீயும் இறங்கி வரக்கூடாதா என்றார்கள். எனக்குக் கைவசம் பதில் இருந்தது. நான் என்ன செய்ய, அம்மன் முன்னால் கற்பூரம் அணைத்திருக்கிறேன் என்றேன். அதைக் கேட்டால் யாரும் மேலே பேச மாட்டார்கள், ஒன்பது வருஷமாக எல்லோர் வாயையும் அதைச் சொல்லித்தான் அடைத்தேன். உன் சித்தி அனிதா மட்டும் விடவில்லை, சத்தியம் செய்ய வழி இருந்தால் அதைத் திருப்பி எடுக்கவும் வழி இருக்கும், போய்க் கேளுங்கள் அக்கா என்றாள். போவதா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்து, அடுத்த திங்கட்கிழமை கிளம்பினேன்.

சிறுவாச்சூரில் காலெடுத்து வைக்க இடமில்லை. மாவிளக்குக்கு அரிசி இடிக்கிறவர்களும் மொட்டை போட்ட பிள்ளைகளும் ஒரே கூட்டம். வாசலில் முப்பது வருஷமாகப் பூ விற்கிற மருதாயி என்று ஒரு அம்மா, அவரிடம் பூ வாங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். எங்கே நின்று அணைத்தாய் என்று கேட்டார். வெளிக்கதவு சாத்தியிருந்தது, வாசலில்தான் என்றேன். கற்பூரம் யாரிடம் வாங்கினாய் என்றார். ரோட்டுமேல் பெட்டிக்கடையில் வாங்கினேன், இங்கே ஒரு கடைகூட இல்லை, ஆளும் இல்லை, நான் ஒருத்திதான் நின்றேன் என்றேன். அந்த அம்மா பூத்தொடுப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, “திங்களும் வெள்ளியும் இங்க ஈ நொழைய எடமிருக்காது. நீ ஒத்தையில நின்னன்னா அது வேற நாளு. வேற நாள்ல ஆத்தா மலைக்கில்ல போயிருப்பா. பூட்டிக் கெடந்த கதவுகிட்ட நீ சத்தியம் பண்ணியிருக்க தாயி” என்றார்.

உன் நிச்சயத்தை வெள்ளிக்கிழமை வைக்கலாம் என்று நாம் சொல்ல, அவர்கள்தான் பிடிவாதமாகப் புதன்கிழமை என்றார்கள், ஞாபகம் இருக்கிறதா. அன்று புதன்கிழமைதான். திங்களும் வெள்ளியும்தான் அந்தக் கோயில் திறக்கும், மற்ற நாளெல்லாம் அம்மன் பெரியசாமி மலையில் இருப்பாள் என்று இந்தப் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இந்த ஊரில் வாழ்க்கைப்பட்டு முப்பத்திரண்டு வருஷம் ஆன எனக்கு அன்றைக்கு நாளும் தெரியவில்லை, கிழமையும் தெரியவில்லை, இந்த ஒன்பது வருஷத்தில் எண்ணிப் பார்க்கவும் தோன்றவில்லை. சந்தேகத்துக்குப் பூசாரியையும் போய்க் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, சத்தியக் கட்டு ஒன்றும் இல்லை, மனசு கேட்காவிட்டால் ஒரு மாவிளக்குப் போட்டுவிட்டுப் போங்கள் என்றார். நானும் சிரித்தேன். மருதாயியும் சிரித்தார். சிரித்து முடித்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது.

எதற்குப் பயம் என்கிறாயா. நான் பாட்டுக்கு அம்மன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். மன்னிப்பதா வேண்டாமா என்று ஒன்பது வருஷமாக நான் யோசிக்கவே இல்லை, யோசிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. இப்போது சத்தியமும் இல்லை, சாக்கும் இல்லை, முடிவு என் தலையில் வந்து விழுந்துவிட்டது. வேண்டாம் என்றால் அது நான் சொல்கிற வேண்டாம். சரி என்றாலும் நான் சொல்கிற சரி. அரிசி இடித்து மாவிளக்குப் போட்டுவிட்டு, கோயில் வேப்பமரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் செய்த கெட்டதையெல்லாம் நினைத்துப் பார்த்தேன், அதற்குக் குறைவில்லை. நல்லதையும் நினைத்தேன், உனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது உன்னை முதுகில் தூக்கிக்கொண்டு நடந்தது வரைக்கும். எதுவும் எதையும் அழிக்கவில்லை. கடைசியில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எனக்குப் பேசாமல் இருந்து அலுத்துவிட்டது. அவரைத் தண்டிக்கிறேன் என்று என் வாயையும் சேர்த்துத்தான் பூட்டி வைத்திருந்தேன். அவர் எல்லோர் முன்னாலும் பொய் என்று சொல்லாமல் இருந்திருந்தால் அந்த அலுப்போடே செத்திருப்பேன், அதையும் எழுதிவிடுகிறேன். சொன்னார், அதனால் எழுந்தேன்.

மறுநாள் மத்தியானம் கத்திரிக்காய்க் குழம்பு வைத்தேன், சோறு வடித்தேன், வெங்காயக் காட்டுக்குப் போனேன். அவர் வரப்பில் குனிந்து தண்ணீர் மடை மாற்றிக்கொண்டிருந்தார். மோட்டார நிறுத்திட்டு வாங்க, சாப்புடலாம் என்றேன். அவர் நிமிர்ந்தார், என்னைப் பார்த்தார், பிறகு திரும்பித் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். ஒருவரும் இல்லை. ஒன்பது வருஷமாக நான் யாரிடமோ பேசுவதாகத்தான் அவருக்குப் பேசியிருக்கிறேன், பாவம், மனுஷனுக்கு அதுவே பழகிவிட்டது. உங்களத்தாங்க என்றேன். மடையை அப்படியே விட்டுவிட்டு வந்தார், ஒரு பாத்தி முழுக்கத் தண்ணீரில் மூழ்கிவிட்டது, அதற்கும் அன்றைக்கே ஒரு சண்டை போட்டோம்.

சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார், தனியே பொங்கித் தின்ற பழக்கம். அதை நான் கெடுக்கப் போவதில்லை. ரொம்பக் குழைந்துவிட்டேன் என்று நினைக்காதே, எல்லாவற்றையும் தெளிவாகப் பேசியிருக்கிறேன். தை பிறக்கும் வரை படுக்கை கொட்டகையில்தான். ஒரு நாள் குடித்த வாடை வந்தாலும், சந்தேகமாக ஒரு பார்வை பார்த்தாலும் அன்றோடு சரி, இனி எனக்குக் கற்பூரம் தேவையில்லை, நான் சொன்னால் போதும் என்றேன். தலையாட்டினார். உன் மாமாவுக்குப் போன் செய்து சொன்னேன், இரண்டு நாள் அவன் பேசவே இல்லை, மூன்றாம் நாள் கூப்பிட்டு, உன்ன யாரும் கட்டாயப்படுத்தலயே அக்கா என்று மட்டும் கேட்டான். இல்லை என்றேன். அப்ப சரி என்றான். இப்போது ராத்திரி நன்றாகத் தூக்கம் வருகிறது, இரத்த அழுத்தம்கூடக் குறைந்திருக்கிறது என்று நர்சம்மா சொல்கிறது.

போன மாதம் நீ மாப்பிள்ளையோடு நாலு நாள் பேசவில்லை என்று பெருமையாகச் சொன்னாயே, அந்த வித்தையை என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாதே. திருமுருகன் செய்தது தப்பென்றால் அன்றைக்கே உட்காரவைத்துச் சண்டை போடு, சத்தமாகப் போடு, பேசாமல் மட்டும் இருக்காதே. அதற்காக அம்மாவே மன்னித்துவிட்டாளே, நாமும் எதையும் பொறுத்துப் போக வேண்டும் என்றும் நினைத்துவிடாதே. உன்னை அடித்தாலோ, உன் மனம் நோகப் பேசினாலோ பையைத் தூக்கிக்கொண்டு வா, இந்த வீட்டில் உனக்கு எப்போதும் இடமுண்டு.

இங்கே எனக்கு இப்போது பெரிய செலவு ஒன்றும் இல்லை, அதனால் அனுப்புகிற பணத்தைக் குறைத்துக்கொண்டு குட்டிக்கு நல்ல குளிர்ச்சட்டை வாங்கு. இரவு வேலை முடிந்து வந்தால் வெறும் காபியோடு படுக்காதே. பொடியைக் காற்றுப் போகாத டப்பாவில் போட்டு வை. மதுரகாளி அம்மன் உன்னையும் உன் குடும்பத்தையும் கண்போலக் காப்பாள், நூறு வயசு நல்லா இருங்கள்.

இன்னும் ஒன்று. நான் எழுத உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு அவர் வாசலில் வந்து நின்று, கடைசியில் நானும் ஒரு வரி எழுதட்டுமா என்று கேட்டார். கூடாது என்று சொல்லிவிட்டேன். என்னைப் பேசியதை நான் மன்னித்தேன். உன்னைப் பேசியதை மன்னிக்கிற அதிகாரம் எனக்கு இல்லை, உன்னைக் கேட்காமல் அவரை உன் கடிதத்துக்குள் கூட்டி வர மாட்டேன் என்றேன். சரிதான், அது அந்தப் புள்ளையோட பாத்தியத என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டார். நீ அவரோடு பேசினாலும் பேசாவிட்டாலும் நான் உன் பக்கம்தான்.

இப்படிக்கு,
உன் முடிவுக்காக அவசரப்படாத
அம்மா மலர்கொடி